இடது கிட்னிக்கு வெட்டிய கபுறு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன நடந்த ராத்தா? முதல்ல இருந்து சொல்லுங்க." ராத்தா என்றால் அக்கா. முதலில் இருந்து சொல்வதென்றால் மூத்திரத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும். அந்தச் சொல்லை ஆட்களுக்கு முன்னால் என் வாயால் சொல்ல எனக்கு ஏலாது. வாசலில் ஓர் ஆம்பிளை செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழைகளை என் மகள் பரீதா திருத்துவாள். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அது பெரிய சுகம்.

மூத்திரம் சிவப்பாகப் போனது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பீட்றூட்தான் காரணம் என்று நினைத்து அதைச் சமைப்பதை நிறுத்தினேன். மகளின் வாப்பாவுக்கு, அதாவது என் கணவருக்கு, பீட்றூட் என்றால் உயிர். "என்ன புள்ள, சந்தையில பீட்றூட்டுக்குத் தடை போட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பீட்றூட் நின்றது, சிவப்பு நிற்கவில்லை. சில நாள் போகும், சில கிழமை போகாது. போகாத கிழமைகளில் சுகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். இந்த வருத்தத்தின் பழக்கமே அதுதானாம்: ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டு ஒளித்துக்கொள்ளுமாம். அதுவும் என்னைப் போல ஒரு கூச்சக்காரிதான்.

எங்கள் ஊர் கிண்ணியாவில் ஒரு நாள் குழாய்த் தண்ணீர் நின்றது. கக்கூசுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. எனக்குப் பின்னால் உள்ளே போன பரீதா போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"உம்மா, இது எவ்வளவு நாளா?"

"எது?"

"உம்மா!"

"கொஞ்ச நாள்தான்."

"கொஞ்சமெண்டா?"

"நோன்புக்கு முந்தி."

நோன்பு, பெருநாள் எல்லாம் முடிந்து ஹஜ்ஜுப் பெருநாளும் வரப்போகிற நேரம் அது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு திரும்பவும் அழுதாள். தண்ணீர் நிற்கும் போதெல்லாம் திட்டித் தீர்த்தவள் நான். அன்று நின்றிருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

முதல் தரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பரீதாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே ஓர் இளம் டொக்டர், ஆம்பிளை. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "தலையிடி" என்றேன். குளிசை எழுதித் தந்தார். வெளியே வந்ததும் பரீதா அந்தத் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். "டொக்டர், இவங்களுக்குத் தலையில ஒண்டும் இல்ல" என்றாள். அந்த டொக்டர் சிரிப்பை அடக்கிய விதத்தில் எனக்கு உண்மையாகவே தலையிடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பட்டணத்துப் பெரியாஸ்பத்திரி. ஸ்கேன் எடுக்கிறதுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்து இருக்கவேண்டும். ஒரு வரிசைப் பெண்கள் காலை இறுக்கிப் பின்னிக்கொண்டு இருந்தோம். கதவு திறந்தால் எல்லாரும் ஒன்றாக எழும்புவோம், ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டதும் மற்றவர்கள் பெருமூச்சு விட்டு இருப்போம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இலங்கைத்துறைப் பக்கத்து வள்ளியம்மை அக்கா, கல் வருத்தத்துக்காக வந்தவர். "தங்கச்சி, சிரிப்புக் காட்டிப்போடாதையணை. நான் சிரிச்சா எல்லாம் முடிஞ்சுது" என்றார். பிறகு வார்ட்டிலும் அவர் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வந்தது.

மருந்து ஏற்றி எடுக்கிற பெரிய ஸ்கேனும் முடிந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தில் சுற்றிவளைக்க இடமில்லை.

"அம்மா, இடது கிட்னியில கட்டி. தோடம்பழம், ஒரேஞ்ச், அந்த அளவு. கேன்சர் எண்டு நினைக்கிறோம். கிட்னி முழுக்க எடுக்கவேணும். மத்த கிட்னி போதும். பயம் வேணாம்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். அவர் சாதாரணமாகச் சொன்னதும் மகளின் வாப்பா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மீன் வியாபாரம் செய்தவர். சந்தையில் நான்கு பேரின் குரலை ஒரு குரலால் அமுக்கிவிடுவார். அன்று வீட்டுக்கு வரும்போது கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும், "நாளைக்கு உனக்கு நல்ல பாரைக் குட்டியாப் பார்த்துக் கொண்டுவாறன்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். அது கிட்னிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறதா, வெளியே கிளம்பிவிட்டதா? டொக்டரிடம் பரீதா இதைக் கேட்டாள். ஸ்கேனில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கிட்னியை எடுத்து, வெட்டி, கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்.

"பார்த்திட்டு மிச்சத்தை என்ன செய்வீங்க?" இதைக் கேட்டது மகளின் வாப்பா, வார்ட்டில் நேர்ஸ் மிஸ்ஸியிடம்.

"எரிக்கிறது ஐயா."

அவர் முகம் கறுத்துப்போனது. கொரோனா காலத்தில் எங்களில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை அடக்க விடாமல் எரித்த நாட்களை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எங்களுக்குள் உடம்பில் இருந்து எதை எடுத்தாலும் மண்ணுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்த என் மூத்தாப்பா, அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கினார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் கக்கத்தடியை ஊன்றிப் போய்த் தன் காலுக்கே ஸலாம் சொல்லிவிட்டு வருவார்.

"ஒண்டுக்கும் பயப்படாத" என்றார் மகளின் வாப்பா. "எரிக்க விடமாட்டன். நானே கொண்டுபோறன். ஐஸ் போட்டு."

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் ஒரு டொக்டர் பிள்ளை என் கட்டிலுக்கு வந்தாள். பெயர் கவிதா, ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சியும் செய்கிறாளாம். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இருந்தேன். கட்டிலைச் சுற்றி மகளின் வாப்பா, பரீதா, மகளின் வாப்பாவின் தங்கச்சி ஜெமீலா எல்லாரும் நின்றார்கள். ஜெமீலா வாய் மூடி நான் பார்த்ததில்லை.

"உம்மா, எடுக்கிற கட்டியில நகத்தளவு துண்டு எங்கட ஆராய்ச்சிக்குத் தருவீங்களோ? அதில மைக்ரோ ஆர்என்ஏ எண்டு ஒண்டைப் பார்க்கவேணும்."

"மைக்ரோவா!" என்றாள் ஜெமீலா. "வீடு வீடா வந்து கிழமைக் காசு கேக்கிற அந்த மைக்ரோக் கடன்காரன்கள் கிட்னிக்குள்ளயும் வந்துட்டானுகளா?"

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் இருந்தாள். "உங்கட கலியாண வீடுகளில எத்தினை சஹன் போடவேணும் எண்டு குசினிக்கு ஆர் சொல்லுறது?"

சஹன் என்றால் நாங்கள் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. "நான்தான்!" என்றாள் ஜெமீலா. அது உண்மைதான்.

"சரி மாமி. எங்கட உடம்பில ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் அப்பிடி ஒரு குசினி இருக்கு. 'இதைச் செய், அதைச் செய், வளர், ரெண்டாப் பிரி' எண்டு உள்ள இருந்து துண்டுத் துண்டா ஓடர் போகும். அந்தத் துண்டுதான் ஆர்என்ஏ. இந்த மைக்ரோக்கள் இன்னும் சின்னனுகள். அதுகள் ஒண்டும் சமைக்காது. ஓடர் போற வழியில நிண்டு, தேவையில்லாத துண்டைப் பிடிச்சுக் கிழிச்சுப்போடும். 'போதும்' எண்டு சொல்லுற ஆட்கள்."

"பிறகு?" என்றாள் பரீதா.

"கிட்னிக் கேன்சரில இந்தப் 'போதும்' எண்டு சொல்லுற சில மைக்ரோக்கள் குறைஞ்சுபோகும். அப்ப 'வளர், வளர்' எண்ட ஓடர் எல்லாம் தடையில்லாமல் குசினிக்குப் போய்ச் சேரும். கட்டி அப்பிடித்தான் பெருக்குது. இன்னொரு சாதி மைக்ரோ கூடிப்போகும். அதுகள் பொல்லாததுகள். 'குசினியைப் பூட்டு' எண்டு போற ஓடரைக் கிழிச்சுப்போடும். சிலது புதுசா ரத்தக்குழாய் வரவும் வழி செய்யும், அடுத்தவன்ர தண்ணிக் குழாயில களவா லைன் இழுக்கிற மாதிரி."

"அதுக்கு மருந்து இருக்கா மகள்?" என்று மகளின் வாப்பா கேட்டார்.

"இன்னும் இல்லை. பொய் சொல்லமாட்டன். இந்த உம்மாவுக்கு இதால இப்ப ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனா எந்த மைக்ரோ கூடுது, எது குறையுது எண்டு நல்லாத் தெரிஞ்சா, ஒரு காலம் ரத்தத்திலயோ சிறுநீரிலயோ பார்த்து முந்தியே கண்டுபிடிக்கலாம் எண்டு நம்புறம்."

'போதும்' என்று சொல்கிற அந்தச் சின்னதுகளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவை செய்வது நான் கலியாணம் முடித்த நாளில் இருந்து செய்கிற வேலை. மகளின் வாப்பா சந்தையில் நின்று, "எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு வாங்க" என்று ஊரையே அழைப்பார். அந்தச் செய்தி அடுப்புக்கு வருவதற்குள் நான் பாதியை எப்படியோ வழியில் மறித்துவிடுவேன். வீடு நின்றது அதனால்தான். அப்படி ஓர் ஆள் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை மகளின் வாப்பா மீன் கொண்டுபோகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு வார்ட்டுக்குள் வந்தார். கழுவித்தான் கொண்டுவந்தாராம், கட்டில்களில் இருந்த எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். உள்ளே நிறைய ஐஸ், மேலே மடித்த வெள்ளைத் துணி. ஐஸ் உருகி நடைபாதையெல்லாம் ஒரு கோடு.

"ஐயா, இஞ்ச மீன் விக்க ஏலாது" என்றார் வார்ட் கழுவுகிறவர்.

"மீனில்ல தம்பி. இவட கிட்னிக்கு."

வள்ளியம்மை அக்கா எழும்பி இருந்தார். "இவ்வளவு பெரிய பெட்டியோ? தங்கச்சிக்கு என்ன, யானைக் கிட்னியே?"

அப்போதுதான் கவிதா டொக்டர் வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயா, இண்டைக்குக் கொண்டுபோக ஏலாது. என்ர துண்டை விடுங்கோ, அது வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை. முழுக் கிட்னியையும் மருந்தில ஊறவைச்சு வெட்டிப் பார்க்கவேணும். வருத்தம் வெளியில போயிட்டுதோ எண்டு அதில மட்டும்தான் தெரியும். கொண்டுபோய் மண்ணில தாட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

"பார்த்திட்டு எரிப்பீங்க."

"எரிக்காமல் திருப்பித் தர நான் எழுதிக் கேக்கிறன்."

"நான் பள்ளிவாசல்ல சொல்லிட்டன் மகள். இப்ப கபுறு வெட்டுறாங்க!"

கபுறு என்றால் மண்ணறை. எவ்வளவு பெரிதாக வெட்டச் சொன்னாரோ தெரியவில்லை. ஜெமீலா ஒரு பக்கம், பரீதா ஒரு பக்கம், மிஸ்ஸி ஒரு பக்கம் எல்லாரும் கதைக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள், ஒருவரும் என்னிடம் கதைக்கவில்லை. தள்ளுவண்டி வந்து நின்றது. அந்த வருத்தம் வெளியே போய்விட்டதா என்று தெரியாமலே நான் மிச்ச நாளெல்லாம் ஒவ்வோர் இருமலுக்கும் பயந்து வாழவேண்டுமா? இந்த மனிசன் நல்லது என்று நினைத்து என் உயிரின் செய்தியையே மண்ணுக்குள் போட்டு மூடப்போகிறார்.

"இஞ்சருங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அது என்ட கிட்னி. மண்ணுக்குள்ள போனா அது ஒண்டும் கதைக்காது. இவங்களுக்கிட்ட இருந்தா ஏதாவது கதைக்கும். கதைச்சு முடிய வீட்டுக்கு வரட்டும். அந்தப் புள்ளைக்கும் ஒரு துண்டு குடுங்க."

சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். மகளின் வாப்பா உடனே மௌலவிக்குப் போன் எடுத்தார், அவர் தன் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கையில். மறுபக்கம் அவர் இவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்று அழைத்துச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "உயிரைக் காப்பாத்துறதுதான் காக்கா முந்தி. பார்க்கட்டும். இன்னொரு ஆளுக்கு உதவுமெண்டா அந்தத் துண்டு தர்மம். மிச்சத்தைப் பிறகு அடக்குங்க." மகளின் வாப்பா போனைப் பார்த்து, "இவரும் இவட ஆள்தான்" என்றார். ஒப்பரேஷன் தியேட்டர் கதவுவரை தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்துபோனார்.

நான் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் கிண்ணியாவில் நடந்ததைப் பரீதா பிறகு சொன்னாள். மையவாடியில் சின்னக் குழி வெட்டுவதைக் கண்ட ஒருவர், "ஆர்ட பச்சப்புள்ள மௌத்து?" என்று கேட்டிருக்கிறார். மௌத்து என்றால் சாவு. வெட்டியவர், "புள்ளையில்ல, மீன்கார காக்காட பொஞ்சாதிக்கு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்வதற்கு முதல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை, அந்த மட்டில் தப்பினேன். பகலாவதற்குள் எங்கள் வீட்டு வாசலில், மௌத்து வீட்டுக்குக் கொடுக்கிற சீனிப் பைகளும் தேயிலைப் பைகளும் வந்து சேர்ந்துவிட்டன. கந்தளாயில் இருந்து, உம்மாவின் தங்கச்சியான என் சாச்சியின் பிள்ளைகள் வான் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, பிரேத அறை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் கண் விழித்து வார்ட்டுக்கு வந்தபோது கட்டிலைச் சுற்றி அவர்கள்தான் அழுதுகொண்டு நின்றார்கள். ஒப்பரேஷன் சரிவரவில்லை என்று நினைத்துவிட்டேன். "நான் இருக்கனா?" என்று கேட்டேன். என் சாச்சியின் மகள் பெரிதாகக் கத்தினாள், பிறகு கோபப்பட்டாள். "இருக்கிறதெண்டா சொல்றதில்லையா ராத்தா? வானுக்கு ஆர் காசு குடுக்கிற?"

நோவு கடுமையாக இருந்தது. அதைவிடக் கடுமை, காலையில் டொக்டர்மார் கூட்டமாக வந்து எல்லாருக்கும் கேட்க, "அம்மா, காத்துப் போச்சா?" என்று கேட்பது. குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று அறியத்தான் அதைக் கேட்கிறார்களாம். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "போச்சு டொக்டர், போச்சு! நான் சாட்சி!" என்பார் வள்ளியம்மை அக்கா. அவர் வீட்டில் இருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை எப்போதும் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற மனிசனும் தூங்கவில்லை என்று மூச்சில் தெரியும். இருவரும் தூங்குவது போல நடிப்போம். கபுறின் மேல் அவர் ஒரு பலகை போட்டு வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வரும் ஆட்கள், "காக்கா, உங்கட கிட்னி எப்ப வருகுது?" என்று கேட்பார்களாம். "அது இன்னும் கதைச்சு முடியல்ல" என்பாராம் இவர்.

கடைசியில் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். சிங்கள டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, எல்லாம் உள்ளுக்குள்ளதான் இருந்தது. வெளியே போகல்ல. விளிம்பு சுத்தம். இனி ஸ்கேன் பார்த்து வந்தா போதும்." மகளின் வாப்பா அங்கேயே கைகளை விரித்து துஆக் கேட்டார். பிறகு கைகளால் முகத்தைத் தடவினவர், அப்படியே கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

வெளியே கவிதா டொக்டர் மூடிய சின்ன வாளி ஒன்றோடு நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். "உம்மா, உங்கட துண்டிலயும் 'போதும்' எண்டு சொல்லுறதுகள் குறைவாத்தான் இருந்தது. பொல்லாததுகள் கூட. கனபேரில காணுறதுதான். இன்னும் கனக்கப் பேரிட்டப் பார்த்தால்தான் ஏதும் சொல்லலாம்." நகத்தளவு நான் இன்னும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்று பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆம்பிளைகள் என் கிட்னியை அடக்கினார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அனுதாபம் சொல்வதா, சந்தோஷம் சொல்வதா? ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "நல்ல கிட்னி, பாவம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். என் கிட்னியின் மௌத்து வீட்டுக்கு நானே தேயிலை ஊற்றிக் கொடுத்தேன். எப்படித் தொடங்கியது என்று கேட்டார்கள். பெண்கள் மட்டும்தானே என்று வாயைத் திறந்தேன். சிவப்பு என்ற சொல்லோடு கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

எல்லாரும் போன பிறகு ஒருத்தி மட்டும் குசினிக்குள் வந்து, சொல்லாமலே என் பக்கத்தில் நின்று கோப்பைகளைக் கழுவினாள். மூன்று வீடு தள்ளி இருப்பவள், என்னைவிட இளையவள், கதைக்காத பிள்ளை. கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

"ராத்தா" என்றாள் கடைசியில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "ஆஸ்பத்திரியில அந்த டொக்டர்... பொம்பளையா, ஆம்பிளையா?"

நான் குழாயைப் பூட்டினேன்.

"ரெண்டு பேரும் இரிக்காங்க" என்றேன். "நீ சொல்ல ஏலாட்டி நான் சொல்லுறன். காலையில முதல் பஸ்ஸுக்குப் போவம்."